ஈரம் படாத மூன்று நாள்

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வாசலில் நின்றபடி, "அம்மா, நான் தூரம்" என்று அம்ருதா சொன்னாள்.

பொய். பஸ்ஸில் வரும்போதே அதைப் பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். படி தாண்டிய பிறகு சொன்னால் எதையெல்லாம் தொட்டாய் என்ற கேள்வி வரும். படிக்கு இந்தப் பக்கமே சொல்லிவிட்டால் கேள்வி கிடையாது.

அடுக்களையிலிருந்து அபீதகுஜாம்பாள் எட்டிப் பார்த்தாள். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கை முழங்காலில்.

"இன்னிக்கா?"

"ம்."

"அப்பாவுக்கு முறை வந்திருக்கற வாரத்துலதான் உனக்கும் வரணுமா. சரி, சந்து வழியாக் கொல்லைக்குப் போ. பாய், தட்டு எல்லாம் அங்கேயே இருக்கு." திரும்பப் போனவள் நின்றாள். "தலைக்கு என்னடி பண்ணிண்டே?"

"சும்மா அயர்ன் பண்ணிண்டேன். ஞாயித்துக்கிழமைக்கு."

"நன்னாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அம்ருதாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சந்துக்குள் நடந்தாள்.

அப்பா சாம்பமூர்த்தி கோயிலில் குருக்கள். முறை வரும் வாரத்தில் விடியும்முன் போய் உச்சிக்கால பூஜை முடிந்து சாப்பிட வருவார், சாயங்காலம் மறுபடி போவார். அந்த வாரத்தில் வீடே மடியாக, தீட்டுப் படாமல் இருக்கும். தூரமான, அதாவது மாதவிலக்கான பெண் மூன்று நாள் கொல்லை அறையில் இருக்க வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு. யாரும் தொட மாட்டார்கள், அவளும் எதையும் தொடக் கூடாது. தலையில் எண்ணெய் இல்லை, பூ இல்லை. நாலாம் நாள் விடியலில் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரலாம். வேங்கிக்காலில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அம்ருதா, அந்த நாட்களிலும் நெரிசலான பஸ்ஸில் எல்லோரையும் இடித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்து, பிறகு இந்த அறையில் உட்கார்ந்துகொள்வாள். அதை நினைத்து ஒரு காலத்தில் கோபப்பட்டிருக்கிறாள். இப்போது கோபப்படவும் அலுப்பாக இருந்தது.

இந்தத் தடவை அவளே அதைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

யோசனை பார்லர்க்காரி கஸ்தூரியுடையது. ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையில் மாடி ஏறிப் போகிற பார்லர். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவர்களும்தான் அங்கே ஜாஸ்தி. பேகோபுரத் தெருவிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்பதால்தான் அம்ருதா அதைத் தேர்ந்தெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். போட்டோவைப் பார்த்துவிட்டுப் பையனின் அம்மா போனில், "எல்லாம் லட்சணமா இருக்கா. முடிதான் கொஞ்சம் அடங்காத மாதிரி இருக்கு" என்று சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. சின்ன வயதிலிருந்து அம்மா எண்ணெயை வழிய விட்டு, சீப்புப் பல் உடைய உடைய இழுத்துப் பின்னியும் அடங்காத சுருட்டை அது.

"மூணு நாள் தண்ணி படக்கூடாது" என்று கஸ்தூரி முதலிலேயே சொன்னாள். "எண்ணெ கூடாது, கிளிப்பு, ரப்பர் பேண்டு கூடாது, பூ கூடாது. காதுக்குப் பின்னாடி ஒதுக்கிக்கக் கூடாது, மடிப்பு வுழுந்துடும்."

"வெள்ளிக்கிழமை எங்காத்துல எண்ணெய்க் குளியல்" என்றாள் அம்ருதா. "விட மாட்டா."

கஸ்தூரி அவளைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். "ஐயர் வூட்டுப் பொண்ணா? அப்ப நீ அந்த நாள்ல வந்திருக்கணும். உங்காளுங்க அப்டிதான் வருவாங்க. ஒதுங்கி உக்கார்ற மூணு நாள்ல எண்ணெ வையின்னு யாரும் கிட்ட வர மாட்டாங்க, தலைக்கு ஊத்துன்னும் சொல்ல மாட்டாங்க. நாலாம் நாள் நீங்களே ஊத்திப்பீங்க. இதுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும்."

"எனக்கு அடுத்த வாரம்தான்."

"யாரு வந்து பாக்கப் போறாங்க, சொல்லிக்கோ."

அதற்கு அம்ருதா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மற்றவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது சம்மதமாகவே ஆகிவிடும்.

"தலையில புண்ணு, பொடுகு எதனா இருக்கா?"

பொடுகு இருந்தது. காலையில்தான் நகத்தால் சொறிந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரி கால் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் அம்ருதா இல்லையென்று தலையாட்டினாள்.

"காதுக்குப் பின்னாடி துளி தடவி, ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் செய்யணும். ஞாயித்துக்கிழமைக்குன்னா அதுக்கு டைம் இல்ல. என்னா பண்ணலாம்?"

"பண்ணிடுங்க."

கஸ்தூரி மாஸ்க் போட்டுக்கொண்டு, மருந்தைப் பிரஷ்ஷால் வேர்வரை தடவினாள். பிறகு டிரையரால் உலர்த்தி, சூடான அயர்னால் ஒவ்வொரு கற்றையாக இழுத்தாள். புகை எழும்பியது. அந்த வாசனை அம்ருதாவுக்குத் தெரியும். வேதியியல் படித்தபோது விலங்கியல் துணைப்பாடம். ஆய்வகத்தில் ஜாடிக்குள் வெளுத்துப்போய் ஒரு தவளை மிதந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்தால் கண்ணில் ஊசி குத்துகிற மாதிரி வருமே, ஃபார்மலின், அதே வாசனை. கண்ணாடி முன்னால் இருந்த பாட்டிலில் ஃபார்மால்டிஹைடு கிடையாது என்று பெரிதாக எழுதியிருந்தது. சிலது பாட்டிலில் வேறு பெயரில் இருக்கும், சூடு பட்டால் அதுவாக மாறும் என்றும் அவளுக்குத் தெரியும்.

"எரியுதா?" என்று கஸ்தூரி கேட்டாள். அவள் கண்களும் சிவந்திருந்தன. இடையிடையே இருமினாள்.

நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. "லேசா" என்றாள் அம்ருதா.

"லேசா எரியும். எனக்கெல்லாம் தினம் இதேதான், பழகிடுச்சு."

அலசவில்லை. மருந்து அப்படியே முடியில் இருக்க வேண்டும், அதுதான் முறை. கண்ணாடியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் துணியை மடித்துத் தொங்கவிட்டது போல நேரான முடி. அவள் அழகாக இருந்தாள். அம்ருதாவால் அதை மறுக்க முடியவில்லை.

*

வியாழக்கிழமை அவள் லீவு, மறுநாளும். பரிசோதனைக் கூடத்தில் முடியைக் கட்டித் தொப்பி போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், கட்டினால் மடிப்பு விழும். கொல்லை அறையில் பாயில் உட்கார்ந்து, முடியை முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்தாலும் முடி மடங்கக் கூடாது. குப்புறப் படுத்துப் பார்த்தாள், கழுத்து வலித்தது.

மத்தியானத்துக்குள் அரிப்பு தொடங்கியது. வகிட்டில் விரலை வைத்தால் பிசுபிசுத்தது. விரலை முகர்ந்தாள். தவளை ஜாடி.

அடுக்களையில் அம்மா தனியாக எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தாள். ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிற நகராட்சித் தண்ணீர் அன்று காலை வந்தது. வழக்கமாக அம்ருதா பிடித்துத் தருவாள். இன்றைக்கு அம்மா ஈரப் புடவையுடன் ஒவ்வொரு குடமாகத் தூக்கி வந்து, பெரிய அண்டாவில் ஊற்றி மூடி வைத்தாள். அது அப்பாவின் பூஜைக்கும் சமையலுக்குமான மடித் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர்தான், வெள்ளையாக உப்புப் பூக்கும். குடத்தை இறக்கும்போதெல்லாம் அம்மா "சிவ சிவா" என்று முனகுவது கேட்டது. அம்ருதா காதைப் பொத்திக்கொள்ள நினைத்தாள். முடி ஒதுங்கிவிடும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் கஸ்தூரிக்குப் போன் செய்தாள்.

"ரொம்ப அரிக்கறது. பிசுபிசுன்னு இருக்கு."

"போட்டோ எடுத்து அனுப்பு."

"உச்சந்தலை எனக்குத் தெரியலை."

"வூட்ல யாரையாவது பாக்கச் சொல்லேன்."

"யாரும் கிட்ட வர மாட்டா."

கஸ்தூரிக்குப் பின்னால் டிரையர் ஓடும் சத்தம். "தாங்க முடியலன்னா அலசிடு. அலசினா முடி பழையபடி சுருண்டுக்கும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது. தாங்க முடிஞ்சா சனிக்கிழமை வரைக்கும் வெச்சிக்கோ. உன் இஷ்டம்."

"பரவாயில்ல" என்றாள் அம்ருதா.

தன் வேலையிடத்துச் சுவர் அவளுக்கு ஞாபகம் வந்தது. அங்கே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ரசாயனம் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. சன்னமான குரலில், தரையைப் பார்த்தபடி சொல்லிக் கொடுப்பாள். அந்தத் தாளுக்கும் கஸ்தூரி சொன்னதற்கும் நடுவில், பாயில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை விடிந்தால் சரியாகிவிடும். நடுவில் ஒரே ஒரு நாள்தான்.

*

வெள்ளிக்கிழமை காலையில் கண் பாதிதான் திறந்தது. இமைகள் தடித்திருந்தன. நெற்றி கனத்தது. காதுக்குப் பின்னால் நீர் வடிந்து, முடி தோலோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. தலையை ஆட்டினால் ஒட்டிய இடம் இழுத்தது.

அம்மா தட்டை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்து, குச்சியால் தள்ளினாள். இட்லி, துளி சர்க்கரை.

"கண்ணு ஏண்டி வீங்கியிருக்கு?"

"தூக்கமில்ல."

"இங்க பாரு."

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா போய்விட்டாள். அம்ருதா இட்லியைப் பிட்டாள், சாப்பிடவில்லை. எல்லாம் எப்படி இவ்வளவு சரியாகப் பொருந்திவிட்டது என்று யோசித்தாள். யாரும் தொடாமல் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள், யாரும் தொடவில்லை. இப்போது இரண்டு கையால் யாராவது அந்த முடியை விலக்கிப் பார்த்தால் போதும். அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் பொய் போய்விடும். பொய் போனால் முடி போய்விடும். முடி போனால் ஞாயிற்றுக்கிழமை.

வெயில் ஏறியதும் அம்மா மறுபடி வந்தாள். கையில் குச்சி இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குளித்து, மடிப்புடவை கட்டி, சமையலுக்குத் தயாராக இருந்தாள்.

"உனக்கு இன்னும் நாளாகலைன்னு எனக்குத் தெரியும்டி."

அம்ருதா தட்டைப் பார்த்தாள்.

"ஒரே ஆத்துல இருக்கோம். எனக்குத் தெரியாதா. மூணு நாள் படுத்துக்கணும்னு தோணித்து போல, படுத்துக்கட்டும்னுதான் விட்டேன். நான் படுத்துண்டதில்லையா? உங்க பாட்டி இருந்த காலத்துல வேற எப்ப உட்கார முடியும்." முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "ஆனா நீ படுத்துக்கவே இல்லையே. ரெண்டு நாளா விறகு மாதிரி உட்கார்ந்திருக்கே. என்னன்னு சொல்லு."

அம்ருதாவின் வாயில் "பரவாயில்ல" வந்து நின்றது. அது அவளுக்குத் தானாக வருகிற வார்த்தை. அதை விழுங்க நேரம் பிடித்தது.

"எரியறதும்மா. தலை எரியறது. தாங்கலை."

அபீதகுஜாம்பாள் நிலைப்படியைத் தாண்டினாள். மடிப்புடவையோடு பாயில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் முடியைப் பிரித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னடி இது. வெந்துபோன மாதிரி இருக்கே. என்னத்தைத் தடவினா?"

"மருந்து. அலசணும். தண்ணி படக்கூடாதுன்னா... ஆனா அலசணும். எனக்கே தெரியும்."

"தெரிஞ்சுண்டுமா உட்கார்ந்திருக்கே" என்றாள் அம்மா. அவளை எழுப்பிக் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்காரவைத்தாள். போர்க் குழாயைத் திறக்கப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். "உப்புத் தண்ணி, இன்னும் எரியும்." உள்ளே போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் குடம் இருந்தது.

"அம்மா, அது மடித் தண்ணி."

"குனி."

மெதுவாக ஊற்றினாள். முதல் சொம்பு பட்டபோது அம்ருதா கல்லின் விளிம்பை இறுகப் பிடித்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அம்மா தேய்க்கவில்லை. நகம் படாமல், விரல் நுனியால் விலக்கி விலக்கி ஊற்றினாள். குடம் தீரத் தீர, அண்டா காலியாகும்வரை போய்ப் போய்க் கொண்டுவந்தாள். முழங்கால் மடங்கும்போது "சிவ சிவா" என்றாள். கல்லில் ஓடிய தண்ணீரில் நீள நீளமாக முடி போயிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"அடக்கி வாரிக்கோ, அடக்கி வாரிக்கோன்னு நானும் சொல்லிண்டேதான் இருந்தேன்" என்றாள் அம்மா, யாரிடமோ சொல்வது போல.

*

சாம்பமூர்த்தி உச்சிக்காலம் முடிந்து வந்து அண்டாவைத் திறந்தார்.

"தண்ணி எங்கே?"

கேட்டுக்கொண்டே கொல்லைப் பக்கம் வந்தார். மனைவி மடிப்புடவை நனைந்து நிற்பதையும், அவள் கை மகளின் தலையில் இருப்பதையும் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"அபீதம், அவ தூரம்னுதானே சொன்னே?"

அம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அம்ருதாவுக்குத் தெரியாது. எதுவானாலும் அது தன்னைக் காப்பாற்றத்தான் இருக்கும் என்று தெரியும்.

"நான் தூரம் இல்லப்பா" என்றாள். "பொய் சொன்னேன். முடியை நேராக்கிண்டேன். தண்ணி படக்கூடாதுன்னா, அதான். தலை வெந்துடுத்து."

இவ்வளவு நீளமாக அவள் அப்பாவிடம் பேசி நாளாகியிருந்தது. சாம்பமூர்த்தி விடியலிலிருந்து நின்ற கால்களோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த வஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்தார்.

"அப்போ நான் தொட்டாத் தப்பில்லை."

"நீங்க இன்னும் சாப்பிடலை" என்றாள் அம்மா.

"என்னத்தைச் சாப்பிடறது, தண்ணிதான் இல்லையே." மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, குனிந்து வகிட்டைப் பார்த்தார். விபூதி வாசனை வந்தது. வெகுநேரம் பார்த்தார். "ஆட்டோ கூப்பிடறேன்" என்றார்.

*

டாக்டரம்மா கையுறையோடு பார்த்துவிட்டு, எப்போது செய்தது, எப்போது அலசியது என்று கேட்டாள். மூச்சு வாங்குகிறதா, கண் மங்கலாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றதும் தலையசைத்தாள்.

"மருந்து ஒத்துக்கல. புண்ணு இருந்த இடத்துல இன்னும் ஜாஸ்தி. எரிஞ்ச உடனே அலசியிருந்தா இவ்வளவு போயிருக்காது. தினம் சாதாத் தண்ணியில அலசுங்க. எண்ணெய், சீயக்காய், மஞ்சள் எதுவும் வேணாம். டிரையர், அயர்ன், டை எதுவும் ஆறுற வரைக்கும் கிட்டயே போகக் கூடாது. இந்த மருந்து இனிமே எப்பவுமே வேணாம். வீக்கம் ஜாஸ்தியானாலோ மூச்சு இழுத்தாலோ உடனே வாங்க."

"முடி?" என்று அம்மா கேட்டாள்.

"உடைஞ்சது கொட்டும். வேர் நல்லாத்தான் இருக்கு. வளரும்."

"எப்படி வளரும்? நேராவா?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். "அவங்க முடி எப்படியோ அப்படித்தான் வளரும்."

திரும்பும் வழியில், கோபுரத்துக்கு முன்னால் ஆட்டோ நெரிசலில் நின்றபோது, அம்ருதா கஸ்தூரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். இனிமேல் இரண்டு நாள் தடவிப் பார்க்காமல் யாருக்கும் செய்யாதீர்கள் என்றாள். குரல் சன்னமாகத்தான் வந்தது.

"நீ லேசான்னு சொன்னியே கண்ணு" என்றாள் கஸ்தூரி. அதில் கோபமில்லை.

"ஆமா. தப்பாச் சொன்னேன். நீங்க பொடுகு இருக்கான்னு கேட்டப்பவும் தப்பாச் சொன்னேன். உங்க கண்ணையும் டாக்டர்கிட்ட காட்டுங்க அக்கா."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

வீட்டில் அம்மா மறுபடி குளித்துவிட்டு அடுப்பை மூட்டினாள். போர்த் தண்ணீரில் சமையல், சாதம் கொஞ்சம் கரித்தது. சாப்பிட்டு முடித்ததும் அப்பா போனை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

"காஞ்சிபுரத்துக்குச் சொல்லணும். இந்த முகத்தோட உட்கார முடியாது. என்ன காரணம் சொல்றது?"

அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "தூரம்னு சொல்லுங்கோ. யாரும் மேல கேக்க மாட்டா."

சாம்பமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் ஈர முடியைத் தோளில் போட்டுக்கொண்டு, கொல்லை அறைப் பாயைக் கூடத்துச் சுவரோரம் விரித்து உட்கார்ந்திருந்தாள். இந்த மூன்று நாளில் முதல் தடவையாக முதுகைச் சுவரில் சாய்த்திருந்தாள்.

"வேண்டாம்பா. நடந்ததையே சொல்லுங்கோ."

"என்னன்னு?"

"மருந்து போட்டுண்டா, தலை புண்ணாயிடுத்துன்னு. ஆறினப்புறம் வரதானா வரட்டும்." கண்ணை மூடிக்கொண்டாள். இமை இன்னும் கனமாக இருந்தது. "முடி சுருட்டைதான்னும் சொல்லிடுங்கோ. அப்படியேதான் இருக்கும்னு."

அப்பா எண்ணைத் தேடி அழுத்தினார். அம்மா தட்டுகளைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு வந்து, மகளின் பாயில், அவள் பக்கத்தில், காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.